ஜப்பான் துப்பாக்கியில் பூ இருந்த இடம்

1. வெயிலில் வைக்காதீர்கள்

மலேசியாவின் கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் பட்டறைக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் கதிரேசன், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். கண்ணாடி அலமாரியில் இருந்த இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகளும் சேற்றில் கிடந்தனவாம். கழுவி, வாசல் சிமெண்டில் காயவைக்கப் போவதாகச் சொன்னார்.

"வெயில்ல வைக்காதீங்க டாக்டர். மரம் வெடிச்சிரும். ஈரத்துணியில சுத்தி நிழல்ல வைங்க, நான் வரேன்" என்றேன்.

அதைச் சொன்ன நான் அதுவரை ஒரு துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் பாலிஷ் வேலை பார்த்துவிட்டு, ஜோகூர் பாருவில் மிஸ்டர் லிம்மின் பட்டறைக்கு வந்தவள் நான். பழைய மேசை, நாற்காலி, பெட்டகம் இவற்றைச் செப்பனிடுவதுதான் எங்கள் தொழில். துப்பாக்கி என்றதும் மிஸ்டர் லிம் தயங்கினார். இரண்டுமே குழாய் அடைக்கப்பட்டு இனிச் சுடவே முடியாதவை என்பதற்கான சான்றையும் போலீஸ் அனுமதியையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தார். பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வேன் சாவியைக் கொடுத்தார்.

டாக்டர் வீட்டில் மெத்தை, சோபா எல்லாம் வெளியே குவிந்து கிடந்தன. அவர் மனைவி லெட்சுமி அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார். துணி சுற்றிய துப்பாக்கிகளை நான் வேனில் ஏற்றும்போது பக்கத்தில் வந்தார்.

"அந்த நீட்டுத் துப்பாக்கி ஜப்பான்காரனோடது. செஞ்சு முடிச்சதும் வேற யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா. திரும்ப இங்க கொண்டாராதீங்க."

டாக்டர் காதில் விழுந்திருக்கும். அவர் வேன் கதவைச் சாத்தினார்.

2. மரமும் இரும்பும்

ஒன்று பிரிட்டிஷ்காரர்களின் லீ என்ஃபீல்டு. மற்றது ஜப்பானியர்களின் அரிசாகா. ஈரம் ஒரேயடியாக இறங்கிவிடாமல் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மரத்தை மெல்ல உலரவிட்டேன். இரும்பில் பூத்த துருவை எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் வூலும் வைத்து எடுத்தேன். வேலை நகர நகர, டாக்டர் எதைப் பார்த்து மயங்கி இவற்றை வாங்கிவைத்தார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

என்ஃபீல்டின் மரம் வால்நட். சேறு போனதும் லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். சாம்பல் பூத்துக் கிடந்த மரத்துக்குள்ளிருந்து செம்பழுப்பு எழுந்து வந்தது. தோளில் பொருந்தும் பின்பக்கத்தில் பித்தளைத் தகடு. எத்தனையோ பேர் கைபட்டு, பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எந்த பாலிஷாலும் அந்த வழுவழுப்பைக் கொண்டுவர முடியாது.

அரிசாகா என்னை இன்னும் அசத்தியது. அதன் பின்கட்டை ஒரே மரமில்லை. மேலும் கீழுமாக இரண்டு துண்டுகளைப் பல்லும் பள்ளமுமாகச் செதுக்கிக் கோத்து ஒட்டியிருந்தார்கள். அகலமான பலகை தேவைப்படாமல் செய்த சிக்கனம் அது. வெள்ளத்தில் பசை விட்டுப்போனதால்தான் அந்த இணைப்பின் உள்பக்கத்தை என்னால் பார்க்க முடிந்தது. வெளியே தெரியாத இடத்திலும் உளி ஒழுங்காக ஓடியிருந்தது. மரத்தின் மேல் பூசியிருந்தது ஒரு மரத்துப் பாலிலிருந்து எடுக்கிற அரக்கு. அத்தனை தண்ணீரிலும் அது பெரும்பாலும் உரியவில்லை. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஒரு முடிகூட நுழையாது. தோட்டாவை ஏற்ற இழுக்கும் கைப்பிடியின் நுனியில் முட்டை வடிவத்தில் ஒரு குமிழ். போர்க்களத்துக்குப் போகிற சாமானுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஒரு குறைதான் இருந்தது. இரும்பு உடலின் மேல்பக்கம், சாமந்திப் பூ முத்திரை இருக்கவேண்டிய இடத்தை யாரோ அரத்தால் குறுக்கும் நெடுக்குமாக ராவியிருந்தார்கள். ஒருநாள் பட்டறைக்கு வந்த டாக்டர் அதைக் காட்டி, பூவைத் திரும்பச் செதுக்கித் தர முடியுமா என்று கேட்டார். குளுவாங்கிலுள்ள அவருடைய நண்பர் ஒருவர், பூ முழுசாக இருந்தால் துப்பாக்கியைத் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம்.

"வீட்டுல வேணாங்கறா. போற எடமாவது நல்ல எடமா இருக்கட்டும்" என்றார்.

3. லெட்சுமி அக்கா வந்தது

முதலில் என்ஃபீல்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜப்பான் துப்பாக்கி போயாச்சா என்று லெட்சுமி அக்கா விசாரித்தார். பூ செதுக்கும் வேலை பாக்கி என்றேன். என்ன பூ என்றார். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை வருஷமும் அந்த அலமாரிப் பக்கமே போகாதவர்.

அந்த வாரமே டாக்டர் அவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். துப்பாக்கியை மேசைமேல் கம்பளித் துணி விரித்து வைத்திருந்தேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். அவருடைய பெரியப்பாவைச் செடெனாக் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களாம். போனவர் திரும்பவில்லை. வரிசையில் நின்ற தன் அண்ணனுக்குப் பக்கத்தில் முனையில் கத்தி செருகிய இப்படி ஒரு துப்பாக்கி ஆளைவிட உயரமாக நின்றதை, சிறு பையனாக இருந்த அவருடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"பூவ யாரு அழிச்சது?" என்று கேட்டார்.

"ஆளு யாருன்னு தெரியாதுக்கா. அது அவங்க ராஜாவோட முத்திர. தோத்து, துப்பாக்கிய ஒப்படைக்கறப்போ அவங்களே அழிச்சிருவாங்களாம். அந்த அடையாளத்தோட எதிரி கையில போகக்கூடாதுன்னு."

"அப்ப இது தோத்த அன்னிக்கு விழுந்த கோடு."

ஆமாம் என்றேன். அக்கா கிட்டே வந்தார். ராவிய இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு கீறலாகத் தடவிப் பார்த்தார். விரல் அங்கிருந்து மெல்ல நகர்ந்து மரத்துக்குப் போனது.

"பாவி, எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்" என்றார். கண் நிறைந்துவிட்டது. பிறகு கணவரைப் பார்த்து, "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

அதைக் குறை என்று நினைத்துத்தான் அலமாரியில் அந்தப் பக்கம் தெரியாதபடி வைத்திருந்ததாக டாக்டர் சொன்னார். ஜப்பான்காரன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவளிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டார்.

"பூவெல்லாம் போட வேணாம்" என்றார் அக்கா. "இப்பிடியே நம்ம வீட்டுக்கு வரட்டும்."

குளுவாங் நண்பருக்கு டாக்டர் அங்கேயே நின்று போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வீடு காய்ந்து புது அலமாரி வந்ததும், துப்பாக்கி சற்றே சாய்ந்து மேல்பக்கம் தெரிகிற மாதிரி இரண்டு மரத் தாங்கிகள் செய்து கொடுத்தேன். விருந்தாளிகள் வந்தால் டாக்டர் மரவேலையைப் பற்றி ஆசைதீரப் பேசுகிறார். ராவிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்கிறார். அதற்குமேல் பேசுவது லெட்சுமி அக்கா.

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொருளைக் கொண்டுவருகிறவர் காட்டுகிற குறையை உடனே சரிசெய்யக் கிளம்பாதீர்கள். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். துரு எடுத்ததும் பசை போட்டதும் யாரும் செய்யக்கூடிய வேலை. அந்த இரும்பில் உளியை வைக்காமல் நிறுத்திக்கொண்டதைத்தான் நான் அந்தத் துப்பாக்கிக்குச் செய்த நல்ல வேலையாக நினைக்கிறேன்.