நனையாத படகு

லிஃப்ட்காரரின் வீட்டுக் கட்டிலில் மூன்று பேர் படுத்தார்கள். சுவரோரம் மனைவி, விளிம்பில் அவர், நடுவில் படகு.

படகின் உடம்பு ஒரு சின்ன மேசையின் நீளம்தான் இருக்கும். அதன் பாய்மரமோ லிஃப்ட்காரரைவிட உயரம். இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் குறுகலான வீட்டில் அதை நிறுத்திவைக்க மூலை கிடையாது. நிமிர்த்தினால் மின்விசிறியில் இடிக்கும், சாய்த்தால் கதவு திறக்காது. பாய்மரத்தைக் கழற்றி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், குழந்தையின் கழுத்தைத் திருகச் சொன்னதுபோல அவர் முகம் போகும். கயிறுகளின் இழுப்பு கெட்டுவிடுமாம். ஆகவே படகு கட்டிலில் மல்லாந்து படுத்தது. இரவில் புரண்டால் பாய்மரத்தின் நுனி மனைவியின் காதைக் குடைந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படகு அதுவரை தண்ணீரைத் தொட்டதே இல்லை.

லிஃப்ட்காரரின் வேலை மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார். மூடிய கதவின்மேல் வாயை வைத்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "பயப்படாதீங்க, வந்துட்டேன். பட்டனை அமுக்காதீங்க." உள்ளே இருப்பவர்கள் அமுக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். செத்துப்போன பட்டனை அமுக்கி என்ன வரப்போகிறது என்பது மட்டும் இத்தனை வருட அனுபவத்திலும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பூங்காவின் குளத்துக்குப் போனார். அங்கே ரிமோட் பாய்மரப் படகுச் சங்கம் கூடும். வளர்ந்த ஆட்கள் எட்டொன்பது பேர் தொப்பி வைத்துக்கொண்டு கரையில் வரிசையாக நிற்பார்கள். கையில் ரிமோட், அதில் இரண்டு குமிழ்கள். ஒன்று சுக்கானைத் திருப்பும், மற்றது பாயை இழுக்கும், விடும். மோட்டார் கிடையாது. மிச்ச வேலை எல்லாம் காற்றுடையது. அவர்கள் முன்னால் 'பொம்மை' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவை ஐஸ் விற்க வந்தவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சங்கத்தில் யாரும் அவரிடம் ஐஸ் வாங்குவதில்லை.

சங்கத்தின் தலைவர் பல் டாக்டர். வாரம் முழுக்க எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வாயை மூடச் சொல்வார். விதிகள் எல்லாம் அவர் எழுதியவை. அவற்றை அவரே கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மதித்தார்.

அந்த விதிகளில் ஒன்றுதான் லிஃப்ட்காரரைப் பிடித்துக்கொண்டது.

குளத்தில் பாசி அதிகம். பந்தயப் படகு பாசியில் சிக்கினால் ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது நிஜப் படகில் துடுப்புப் போட்டுப் போய் விடுவிக்க வேண்டும். ஆகவே விதி: ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் கடைசியாக வருகிறவர் அடுத்த ஆண்டு முழுவதும் மீட்புப் படகுக்குத் துடுப்புப் போட வேண்டும். லிஃப்ட்காரர் ஒரு தடவை கடைசியாக வந்தார். கடையில் வாங்கிய படகு, கவிழ்ந்துவிட்டது. சரி என்று ஒரு வருடம் துடுப்புப் போட்டார். வருடக் கடைசியில் டாக்டர் முடிவுகளைப் படித்தபோது, கடைசி இடத்தில் மறுபடியும் அவர்.

"டாக்டர், நான் படகே விடலையே," என்றார் லிஃப்ட்காரர்.

"முதல்ல வந்தீங்களா?"

"இல்ல."

"ரெண்டாவது, மூணாவது?"

"இல்லைங்க. நான்தான் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்தேனே."

"எல்லாரும் உங்களுக்கு முன்னாடி வந்துட்டாங்க. அப்ப நீங்க கடைசிதானே?"

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். லிஃப்ட்காரரும் யோசித்துப் பார்த்தார். எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. இப்படியே ஆறு வருடம் ஓடியது.

அந்த ஆறு வருடத்தில்தான் அவர் புதுப் படகைச் செய்தார். லிஃப்ட் கதவுக்கு அடிக்கும் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு ஒன்றை மேல்தட்டில் பொருத்தினார். 'அதிகபட்சம் எட்டுப் பேர்' என்று அதில் எழுதியிருந்தது. படகில் ஒரு பூனை ஏறினால்கூட மூழ்கிவிடும். ஆனாலும் தகடு பளபளவென்று இருந்தது.

"அது மிதக்குமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"மிதக்கும்."

"எப்படித் தெரியும்?"

"கணக்குப்படி மிதக்கணும்."

"கணக்குப்படிதான் நாம சந்தோஷமா இருக்கணும்," என்றாள் அவள், காதைத் தேய்த்துக்கொண்டே.

அவள் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, ஒரு பாய்மரத்தோடு படுக்கையைப் பங்கு போடுவது அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம், கட்டிலில் உட்கார்ந்தபடி தீர்ப்பைச் சொன்னாள்.

"இங்க பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை இது தண்ணியில இறங்கணும். இல்லேன்னா தம்பி கடைக்குப் போயிடும். கண்ணாடி ஜன்னல்ல அழகா வைக்கிறேன்னு அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

தம்பி என்றால் லிஃப்ட்காரரின் மச்சான். சலூன் வைத்திருக்கிறான், சங்கத்திலும் இருக்கிறான். அவன் கடை ஜன்னலில் ஏற்கெனவே ஒரு விக்கும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் தன் படகை நினைத்துப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"துடுப்புப் போடுறவன் எப்படிப் பந்தயம் விடுறது?" என்றார்.

"ரிமோட்டுதான் கழுத்துல தொங்குதே. துடுப்பை விட்டுட்டு அதைத் திருகுங்க, அதை விட்டுட்டு துடுப்பைப் போடுங்க. நான் ஒரே நேரத்துல நாலு பேருக்குச் செருப்புக் காட்டுறேன்."

விதியில் இடம் இருக்கிறதா என்ற கேள்வி அன்று முழுவதும் அவர் தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஆள். லிஃப்ட்காரர் ஓடிப்போய்க் கதவில் வாயை வைத்தார்.

"பயப்படாதீங்க, வந்துட்டேன். பட்டனை அமுக்காதீங்க."

"யாரு, நம்ம லிஃப்ட்காரரா? நான் டாக்டர்ப்பா."

அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில்தான் பல் ஆஸ்பத்திரி. லிஃப்ட்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கேட்டுவிடலாம்.

"டாக்டர், மேல மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கை விட்டாத்தான் பெட்டி இறங்கும். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம்."

"இப்பவா?"

"துடுப்புப் போடுறவர் அதே நேரத்துல பந்தயத்துலயும் படகு விடலாமா? விதியில தடை இருக்கா?"

உள்ளே பட்டன்கள் அமுங்கும் சத்தம் படபடவென்று கேட்டது.

"அமுக்காதீங்க டாக்டர். பதிலை நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"தடை இல்ல. ஒரு தடையும் இல்ல. மேல போப்பா."

லிஃப்ட்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனார். அவர் மிரட்டவே இல்லை. மிரட்டத் தெரியவும் தெரியாது. ஆனால் அன்று மாலைக்குள் சங்கம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தலைவரை இருட்டில் அடைத்துவைத்து, உயிர்ப்பயம் காட்டி அனுமதி வாங்கிவிட்டாராம். மச்சான் மட்டும் போனில் கூப்பிட்டு, "மாமா, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு தெரியாமப் போச்சே," என்று மரியாதையோடு சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை படகு தண்ணீரில் இறங்கியது. மனைவி பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது, பிறகு நேராக நின்றது.

"மிதக்குது," என்றாள் அவள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

மிதவைகளைச் சுற்றி வந்து, இரண்டு கழிகளுக்கு நடுவே கடந்தால் பந்தயம் முடிந்தது. கரையில் எட்டுப் பேர் ரிமோட்டோடு நின்றார்கள். ஒன்பதாவது ஆள் குளத்தின் நடுவில், மீட்புப் படகில், இரண்டு கையிலும் துடுப்போடும் கழுத்தில் ரிமோட்டோடும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விசில் ஊதினார்.

லிஃப்ட்காரர் துடுப்பை விட்டுவிட்டு ரிமோட்டைப் பிடித்தார். உடனே அவர் படகு முன்னேறுவதை விட்டுவிட்டு வட்டமடித்தது. ஆறு வருடம் கனவில் ஓட்டியது ஒன்று, நிஜத்தில் கைக்கு வருவது வேறொன்று. குமிழை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் போனது.

"மாமா, பாசி," என்று மச்சான் கூப்பிட்டான்.

ரிமோட்டை விட்டார், துடுப்பைப் பிடித்தார், போய் மச்சானின் படகை விடுவித்தார். திரும்பிப் பார்த்தால் தன் படகு தானாகவே முதல் மிதவையைத் தாண்டியிருந்தது. சந்தோஷப்பட்டு ரிமோட்டை எடுத்தார். படகு மறுபடி வட்டமடித்தது. இன்னொருவர் பாசி என்று கத்தினார். துடுப்பை எடுத்தார். படகு கிடுகிடுவென்று போனது. அவர் தொடாதவரை அது நன்றாக ஓடுகிறது என்பது கரையில் இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவருக்கு மட்டும் புரியவில்லை.

"பேசாம எல்லாரும் மாட்டிக்கங்கப்பா, அவர் ஜெயிச்சிடுவார்," என்றான் மச்சான்.

ஒவ்வொரு படகாகக் கழிகளைக் கடந்தது. கடைசியில் குளத்தில் இரண்டே படகுகள் மிச்சம். முன்னால் டாக்டருடையது, கொஞ்சம் பின்னால் லிஃப்ட்காரருடையது. அப்போது டாக்டரின் படகு கடைசி மிதவைக்குப் பக்கத்தில் பாசிக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

டாக்டர் கூப்பிடவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு குமிழ்களைத் திருகினார். லிஃப்ட்காரரின் படகு ஆடி அசைந்து கழிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அடுத்த வருடம் கரையில் நிற்கலாம். சலூன் ஜன்னலில் விக்கும் செடியும் மட்டும் இருக்கும்.

ஆனால் டாக்டரின் விரல்கள் அவர் கண்ணில் பட்டன. அந்தக் குமிழ்கள் இனி ஒன்றும் செய்யாது. தெரிந்தும் டாக்டர் திருகிக்கொண்டே இருந்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். மூடிய கதவுக்குப் பின்னால் இத்தனை வருடமும் சத்தமாக மட்டும் கேட்டிருந்ததை இன்றுதான் லிஃப்ட்காரர் கண்ணால் பார்த்தார். அவரால் உட்கார முடியவில்லை.

"பயப்படாதீங்க டாக்டர், வர்றேன். அதை அமுக்காதீங்க."

"நான் உன்னைக் கூப்பிடலையேப்பா."

"கூப்பிட்டாத்தான் வரலாம்னு விதி. கூப்பிடுங்க."

டாக்டர் நாலு பக்கமும் பார்த்தார். "சரி. வா," என்றார் மெதுவாக.

லிஃப்ட்காரர் போனார், பாசியைப் பிய்த்தார், படகைக் காற்றுக்கு வாகாகத் திருப்பிவிட்டார். பிறகு, தன் உடம்பு காற்றை மறைக்கக் கூடாது என்று நல்ல மனசோடு மடமடவென்று துடுப்புப் போட்டு விலகினார். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். ஆகவே மீட்புப் படகின் முன்பக்க வளையத்தில் டாக்டரின் பாய்க்கயிறு மாட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை. சங்கத் தலைவரின் படகைக் குளத்தின் அந்தக் கோடிக்கு அவர் தள்ளிக்கொண்டே போனார்.

கரையில் எட்டுப் பேரும் கத்தினார்கள். ஒன்றும் விளங்காத ஒரே கூச்சல். லிஃப்ட்காரரின் கண்ணெல்லாம் கழிகளை நெருங்கும் தன் படகின்மேல் இருந்தது. தனக்காக யாரும் இப்படிக் கத்தியதில்லையே என்று நினைத்துக்கொண்டார். நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டி, இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார். அவர் படகு குறுக்குவாட்டில், பின்பக்கம் முன்னாலாக, கழிகளைக் கடந்தது.

விஷயம் தெரிந்ததும் அவர் அவசரமாகக் கரைக்குத் துடுப்புப் போட்டு வந்தார். "திரும்ப விடலாம் டாக்டர். இது நியாயமில்ல," என்றார்.

முன்பொரு தடவை மீட்கும்போது பெயின்ட் உரிந்துவிட்டது என்று ஓர் உறுப்பினர் சண்டை போட்டபோது, டாக்டரே எழுதிய விதி ஒன்று இருந்தது. மீட்கக் கூப்பிட்டவர் மீட்பைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது.

"விதி என்ன சொல்லுது?" என்று மச்சான் ஆரம்பித்தான்.

"வாயை மூடு. எழுதினவனே நான்தான்," என்றார் டாக்டர். துடுப்புகளை லிஃப்ட்காரரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கட்டிலுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். ஈரத்தோடு படுக்கையில் எதுவும் ஏறக் கூடாது. படகு குளியலறைக்குப் போனது. அங்கே நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை, குறுக்காக வைத்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் பாய்க்கு அடியில் குனிந்துதான் குளிக்கிறார்கள். அவள் காது ஆறிவிட்டது.

புது ஆண்டின் முதல் பந்தயத்துக்கு லிஃப்ட்காரர் தொப்பி வைத்துக்கொண்டு போனார். கரையில் நின்றார். கால் நனையாமல் நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் அவர் படகு பாசியில் சிக்கியது. மச்சானுடையதும் சிக்கியது. இன்னொரு உறுப்பினருடையதும் சிக்கியது. குளத்தின் நடுவில் டாக்டர் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது துடுப்பு மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது போலிருந்தது.

லிஃப்ட்காரர் கால்சட்டையைச் சுருட்டினார். பெஞ்சிலிருந்து வந்த மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"எங்க போறீங்க? நீங்க இன்னைக்குப் பந்தயக்காரர். நில்லுங்க."

"டாக்டருக்குத் தெரியாதும்மா."

"கத்துக்குவார். நில்லுங்க."

அவர் நின்றார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாசிக்குள் பித்தளைத் தகடு வெயிலில் மின்னியது. இனி இந்த ரிமோட்டால் ஆவது எதுவும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மாமா," என்றான் மச்சான், "ஏன் அதை அமுக்கிக்கிட்டே இருக்கீங்க?"

லிஃப்ட்காரர் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். அவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன. நிறுத்த நினைத்தார். பிறகு நிறுத்தவில்லை.

குளத்தின் நடுவிலிருந்து, முதுகைக் காட்டியபடி சுற்றிக்கொண்டே டாக்டரின் குரல் வந்தது.

"பயப்படாதீங்க, வந்துட்டேன்."