டேர்போ காருக்கு மாத்தின பிரேக்

பிரேக் வேலை செய்யிறவனை ஒருத்தரும் புகழமாட்டினம்: நிண்டால் காரின்ரை கெட்டித்தனம், நிக்காட்டி மெக்கானிக்கின்ரை பிழை. கையிலை கிரீஸோடை சோறு திண்ட ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

முதல் தனி வேலை

எண்பத்தேழாம் ஆண்டு. கனடாவிலை, ஸ்காபரோவிலை ரோனி எண்ட இத்தாலியன்ரை கராஜிலை நான் புதுசு. ஊரிலை நிக்கிற என்ரை மனுசியை இஞ்சை கூப்பிட அவன்ரை வேலைக் கடிதம் வேணும். அவனோ இண்டைக்கு, நாளைக்கு எண்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

அப்பதான் சிவம் அண்ணை வந்து சேந்தார். ஊரிலை இருவது வருசம் நுவரெலியா மரக்கறி லொறி ஓடினவர், இஞ்சை ஒஷாவாவிலை தொழிற்சாலை வேலை. ஆரோ கழிச்சுவிட்ட டேர்போ கார் ஒண்டை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். அதின்ரை பிரேக்குக்குப் பலம் குடுக்கிறது ஒரு கறண்ட் மோட்டர். அது சாகக் கிடந்தது. அதைக் கழட்டிப்போட்டு, மற்றக் கார்களிலை மாதிரி எஞ்சின் காத்தை உறிஞ்சிற பலத்திலை வேலை செய்யிற பூஸ்டர் பூட்டுவம் எண்டு முடிவெடுத்தம். வேலையை என்னட்டைத் தந்துபோட்டு ரோனி சொன்னான்: "பிரேக் சரியில்லை எண்டு இந்தக் கார் திரும்பி வந்தால், கடிதத்தை மறந்துவிடு."

குழாய் கழண்டது

மூண்டு நாள் முதுகு முறிஞ்சு பூட்டினன். கராஜ் வாசலிலை மிதிச்சுப் பாத்தால் பிரேக் பஞ்சு மாதிரி லேசாப் பிடிச்சுது. நாலாம் நாள் சிவம் அண்ணை வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறார். வேலையாலை வரேக்கை, விட்பி எண்ட ஊருக்குக் கிட்ட பிரேக் பெடல் கல்லாப் போச்சாம்.

என்ரை மடைத்தனம்தான். சாதாரண காரிலை எஞ்சின் உறிஞ்ச மட்டும்தான் செய்யும், பூஸ்டருக்குப் போற குழாய் தன்பாட்டிலை ஒட்டிக்கொண்டு நிக்கும். டேர்போ எண்டது வேகத்துக்காக எஞ்சினுக்குள்ளை காத்தை அடிக்கிற சாமான்; அது வேலை செய்யத் தொடங்கினால் குழாய்க்குள்ளையும் காத்தைத் திருப்பித் தள்ளும். கிளிப் போடாத குழாய் கழண்டு தொங்கிச்சுது. நல்லகாலம், ரோனி சாப்பிடப் போயிருந்தான். அவன் வர முதல் ரண்டு கிளிப்பை இறுக்கிவிட்டன். சிவம் அண்ணை கோவிக்கேல்லை. "தம்பி, கார் பறக்குது, சந்தோசம். நிக்கிறதுக்கும் ஏதும் செய்து தாவன்."

இறக்கத்திலை நடந்தது

அடுத்த கிழமை திரும்பவும் வந்தார், இந்தமுறை ரோனிக்கு முன்னாலை. பெடல் பிறகும் கல்லாம், குப்பைத் தொட்டியை இடிச்சவராம். ரோனி என்னைப் பாத்த பார்வையிலை, மனுசி பிளேனிலை இருந்து இறங்கி வீட்டை திரும்பிப் போறதே தெரிஞ்சுது. பத்துத் தரம் ஓடிப் பாத்தன். ஒரு பிழையும் இல்லை. "அண்ணை, நீங்களே ஓடுங்கோ, நான் பக்கத்திலை இருக்கிறன்" எண்டன்.

ரூஜ் ஆத்துப் பாலத்து இறக்கம் வந்ததுதான் தாமதம், மனுசன் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டினார்! எஞ்சின் இல்லாட்டி பூஸ்டரிலை ரண்டு மிதிக்குத்தான் பலம் இருக்கும். மூண்டாவது மிதி கல்.

"ஐயோ அண்ணை, ஸ்ராட் பண்ணுங்கோ!"

"உருண்டு போற இறக்கத்திலை பெற்றோலை ஏன் எரிப்பான்? லொறியிலை இப்பிடித்தானே!"

அங்கால ஏத்தம் இருந்தபடியால் தப்பினம். கராஜுக்குக் கூட்டி வந்து ரோனிக்கு முன்னாலை அவரின்ரை வாயாலையே சொல்ல வைச்சன். ரோனி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். பிறகு மேசை லாச்சியைத் திறந்து தாளை எடுத்துக் கடிதத்தை எழுதினான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கையெழுத்து வைச்சுக்கொண்டே சொன்னான்: "காரைத் திருத்தியாச்சு. இந்த ஆளைத் திருத்த என்னட்டைச் சாமான் இல்லை."

விமான நிலையத்திலை இருந்து

அடுத்த வருசம் மனுசி வந்து இறங்கினா. ஏத்தப் போனது வேற ஆர், சிவம் அண்ணைதான், அதே காரிலை. மனுசி பின் சீற்றிலை, நான் முன்னாலை. 401 நெடுஞ்சாலையிலை யங் வீதிப் பள்ளம் இறங்கேக்கை, அவரின்ரை வலக்கை மெல்லத் திறப்புக்குப் போகுது. எட்டிப் பிடிச்சவன்தான், ஸ்காபரோ வரையும் விடேல்லை. மனுசி பின்னாலை இருந்து சொன்னா: "மூண்டு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன், உங்களுக்குப் பிடிக்கிறதுக்கு அவரின்ரை கைதானோ கிடைச்சது?"

பிரேக்கை மாத்த எனக்கு மூண்டு நாள்தான் போச்சு, அந்தக் கையைத்தான் இண்டுவரைக்கும் மாத்தேலாமல் கிடக்கு.