மெயில் வந்துடுத்து

வீட்டுக்குள் மட்டுமே புழங்கும் பேச்சை ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தும் ஆகிவிட்டது. அதனால் ஒரு சங்கடம் வந்து, நல்லபடியாகத் தீர்ந்தும் விட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் வளர்ந்தது பம்பாயில், மாதுங்காவில், இரண்டாவது மாடியில், இரண்டே அறை உள்ள வீட்டில். எங்களுக்கென்று சில சொற்கள் இருந்தன. வேறு யாரும் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ். சாயங்காலம் வி.டி.யில் ரயில் ஏறி மாதுங்காவில் இறங்க வேண்டுமானால் முந்தின ஸ்டேஷனான தாதரிலேயே எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். அசந்தால் கூட்டம் விடாது, அடுத்த ஸ்டேஷன் சயானில்தான் இறங்கலாம். அதனால் எதற்காவது முன்கூட்டித் தயாராக வேண்டுமென்றால் அப்பா "தாதர் வந்தாச்சு" என்பார். பரீட்சை நெருங்கினால் தாதர். மழைக்கு முன் பழைய குடையைத் தேடி எடுக்கும்போதும் தாதர். என் கல்யாணத்தன்று கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வரக் கால் எழாமல் நின்றேன். அப்பா கதவுக்கு வெளியே நின்று மெதுவாக, "தாதர் வந்தாச்சும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் மணைக்குப் போனேன்.

அம்மாவின் சொல் "கல் பொறுக்கியாச்சா?" ரேஷன் அரிசியில் அரிசிக்குப் போட்டியாகக் கல் கிடந்த காலம். இரண்டு தடவை முறத்தில் பார்க்காமல் உலையில் போட முடியாது. நாங்கள் கணக்குப் போட்டு முடித்தாலும், யார் மேலாவது புகார் சொன்னாலும் அம்மா இதைத்தான் கேட்பாள். அண்ணன் "ஆச்சு, ஆச்சு" என்று ஓடிவிடுவான். நான் இன்றைக்கு வரை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது "மெயில் வந்துடுத்து". ஊரிலிருந்து வேலை தேடி வருகிறவர்கள், இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள், டைப்பிங் படித்துவிட்டு வருகிறவர்கள் என்று மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கும் பாதிப் பேர் எங்கள் மாடிப்படியில்தான் ஏறுகிறார்களோ என்று தோன்றும். படியில் டிரங்குப் பெட்டி இடிக்கும் சத்தம் கேட்டதும் அம்மா தணிந்த குரலில் "மெயில் வந்துடுத்து" என்பாள். அவ்வளவுதான். ஆக்கிய சாதத்தைக் கூட்ட முடியாது. நாங்கள் எல்லோரும் இரண்டாம் தரம் வேண்டாமென்று தட்டின் மேல் கையை வைத்து, "எனக்குப் போறும்" என்போம். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட்டு எழுவார். அதன்பிறகு அம்மா சமையலறைக் கதவைச் சாத்தி, மிச்ச சாதத்தில் மோர் விட்டுப் பிசைந்து, எங்கள் உள்ளங்கையில் உருட்டி உருட்டி வைப்பாள். நடுவில் கட்டைவிரலால் குழித்து மாங்காய் ஊறுகாய்ச் சாறு. விருந்தாளிக்குக் கேட்கக் கூடாதென்று சிரிப்பை அடக்கிக்கொண்டு தின்போம். பெட்டிச் சத்தம் கேட்காத நாட்களில் அண்ணன், "இன்னிக்கு மெயில் லேட்டா அம்மா?" என்று ஏக்கமாகக் கேட்பான்.

இப்போது நான் இருப்பது செம்பூரில். என் பெண்ணுக்கு வருகிற ஜூனில் பள்ளிக்கூடம். சொப்பு வைத்து விளையாடும்போது ஒருநாள் மெயில் கதையைச் சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது; தாதரையும் கல்லையும்கூடக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பொம்மைகள் எல்லாம் மெயிலில் வந்து இறங்கத் தொடங்கின.

போன மாதம் என் நாத்தனார் திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் போய், நிஜமாகவே மெயிலில் வந்தாள். தாயில்லாத தம்பியான என் கணவரை வளர்த்தவள். தன் கணவரை இழந்து, மைத்துனர் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை, எனக்கும்தான். "ஒரு மாசம் இருந்து பாக்கறேன். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் புறப்பட்டாள்.

முதல் நாள் பாயசம் வைத்திருந்தேன். பெண்ணுக்கு இரண்டாம் தரம் விடப் போனேன். அவள் கிண்ணத்தை மூடிக்கொண்டு, "எனக்குப் போறும். மெயில் வந்துடுத்து" என்றாள்.

"என்னடி மெயில்?" என்றாள் நாத்தனார்.

"வெளி மனுஷா வந்தா நாம கொஞ்சமாத்தான் சாப்பிடணும் அத்தை. அவா ஏந்து போனப்பறம் கதவைச் சாத்திண்டு சாப்பிடலாம்."

"அது சின்ன வயசிலே எங்க வீட்டிலே..." என்று ஆரம்பித்து, எங்கே முடிப்பதென்று தெரியாமல் நிறுத்தினேன். நாத்தனார், "குழந்தைக்கு நன்னா விடு" என்று சொல்லிவிட்டுக் கையலம்ப எழுந்தாள்.

அதற்குப்பின் அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. தம்பியிடம், "திரும்பிப் போறதுக்கு இப்பவே டிக்கெட்டுக்குச் சொல்லி வைடா" என்றும் சொல்லிவிட்டாள். பெண்ணைக் கண்டிப்பதா? அவள் தப்பாக ஒன்றும் செய்யவில்லையே. ஒரு மத்தியானம் துணி மடிக்கும்போது நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பெட்டிச் சத்தம், மோர்சாதம், ஊறுகாய்க் குழி, அண்ணனின் ஏக்கம். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே மடித்தாள். கடைசியில், "விருந்தாளிக்கு அந்த மோர்சாதம் கிடையாதாக்கும்" என்றாள். கோபமா, கேலியா, கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், முலுண்டிலிருந்து என் கணவரின் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்து நின்றார். சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். உலையில் வேறு அரிசி போட நேரமில்லை. நான் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நாத்தனார் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். தன் தட்டை எடுத்துக் கவிழ்த்து மேடையில் வைத்தாள். குனிந்து என் பெண்ணின் காதருகில், "ஏட்டி, மெயில் வந்துடுத்து. உனக்கும் எனக்கும் போறும், கேட்டியா?" என்றாள்.

பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சொல்லப்படாது அத்தை. நீதானே மெயில்."

"அது போன வாரம்டி. அந்த வண்டி ஷெட்டுக்குப் போயாச்சு."

கரண்டியைப் பிடித்தபடி நான் சிரித்துவிட்டேன். என் கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சிரிப்பு?" என்றார். "ஒண்ணுமில்லைடா, நீ அவாளைக் கவனி" என்றாள் அவருடைய அக்கா. விருந்தாளிகள் சாப்பிட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவளே சமையலறைக் கதவைச் சாத்தினாள். மோர் விட்டுப் பிசைந்தவளும் அவள்தான். முதல் உருண்டையை என் கையில் வைத்து, கட்டைவிரலால் குழித்து, "இப்படித்தானே?" என்று கேட்டாள். அம்மா குழிப்பது இன்னும் ஆழமாக இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. டிக்கெட் பேச்சு அதன்பிறகு வரவேயில்லை.

இப்போது வீட்டில் மெயில் ஓய்வதில்லை. பால்காரன் வந்தாலும் மெயில், மழை வந்தாலும் மெயில் என்கிறாள் நாத்தனார். "அது மெயில் இல்லை அத்தை" என்று பெண் திருத்திக்கொண்டே இருக்கிறாள். பெரியவர்களைத் திருத்தவிடலாமா என்பது என் புதுக் கவலை. பழைய கவலை பள்ளிக்கூடம். டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினால், என் பெண் எழுந்து "கல் பொறுக்கியாச்சா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். இந்தச் சொற்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று இப்போதே சொல்லி வைப்பதா? சொன்னால், அவற்றில் ஏதோ வெட்கப்பட வேண்டியது இருப்பதாக நினைத்துக்கொள்வாளோ? விட்டுவிட்டால் மற்றக் குழந்தைகள் கேலி செய்வார்களோ?

உங்கள் வீட்டிலும் இப்படிச் சொற்கள் இருந்திருக்கும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும்போது அவற்றை என்ன செய்தீர்கள்? தெரிந்தவர்கள் எனக்குக் கொஞ்சம் எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது. தாதர் வந்தாச்சு.