மச்சாளின் ஃபுட்டி வர்ணனைக்கு ஸ்கோர் எழுத 880 கிலோமீட்டர்

இது இப்படித்தான் முடியும் என்று மூன்று கிழமைக்கு முன்னமே நான் சொல்லிவிட்டேன். சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நான்கு பேர் கேட்கச் சொன்னேன்: "எங்கட சுகந்தியின்ர குரலுக்கு இறுதிப் போட்டி வர்ணனை அவளுக்குத்தான் கிடைக்கும், இருந்து பாருங்கோ." ஒருவர் சிரித்தார். இப்போது அவர் என் கண்ணில் படுவதில்லை. வேறு கடைக்குப் போகிறார் போல.

சுகந்தி என் மனைவி பவானியின் தங்கை, எனக்கு மச்சாள். மெல்பேர்ணில் ட்ருகனினாவில் இருக்கிறாள். அங்கே ஒரு பெரிய குளிர்சாதனக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலை. ஒலிபெருக்கியில் "ஏழாம் வாசலுக்கு லொறி வந்திட்டுது" என்று அவள் அறிவித்தால் உறைந்துபோன கோழியும் எழுந்து நடக்கும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கூட வேலை செய்யும் மெலே என்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், "நாங்கள் ஆடுகிற ஃபுட்டியை வானொலியில் சொல்ல ஆள் இல்லை, நீ வா" என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஃபுட்டி என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலியப் பந்தாட்டம். மெலே ஆடுவது பெண்கள் அணியில். சொல்வது ஒரு சிறிய சமூக வானொலியில். சம்பளம் கிடையாது, சாப்பாடும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை நாங்கள் புறப்பட்டதற்குக் காரணம் இதுதான். அடுத்த நாள் சனிக்கிழமை அரையிறுதிப் போட்டி. வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கிற மார்கரெட் என்ற அம்மா, சுகந்தியிடம் நேராகச் சொல்லியிருந்தார்: "இந்த ஒரு நேரடி ஒலிபரப்பு சுத்தமாக நடந்தால் பெண்கள் இறுதிப் போட்டி உனக்கு. குழப்பம் வந்தால் வழக்கம்போல அந்த நேரத்துக்கு ஆண்களின் ஆட்டம்தான்." இரண்டு வருடமாக மழையிலும் குளிரிலும் வேலி ஓரம் நின்று கத்தியவளுக்கு இது சின்ன விசயமில்லை. பவானி நேரில் இருக்க ஆசைப்பட்டாள். நான் இல்லாமல் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

காலை 4.40க்கு பென்டில் ஹில்லில் காரை எடுத்தேன். ட்ருகனினா வாசல் வரை 880 கிலோமீட்டர். ஒன்பதே கால் மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்று தொலைபேசி வரைபடம் சொல்லும், நம்பாதீர்கள். தேத்தண்ணி, கழிப்பறை, பவானி ஒவ்வொரு ஊரிலும் "இஞ்சருங்கோ, ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்பது, எல்லாம் சேர்த்துப் பத்தே முக்கால் ஆனது. பெற்றோல் 118 டொலர். சிட்னி டோல் றோட்டுக் காசு தனி. வழியில் கோல்பர்னில் இரண்டு தேத்தண்ணி 11 டொலர், வாயில் வைக்க முடியாது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

ஹோல்புரூக் என்ற ஊரில் கட்டாயம் நிறுத்துங்கள். கடலே இல்லாத இடத்தில், றோட்டோரப் பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பார்க்கக் காசில்லை. அங்கே நாயோடு நடந்த ஒரு பெரியவரிடம், "எங்கள் ஊர்க் கடலில் இதைவிடப் பெரியதை நான் தண்ணீருக்குள்ளேயே பார்த்திருக்கிறேன்" என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் இதை ஓட்டிக்கொண்டு போங்கள், எங்களுக்குப் புல் வெட்ட இடைஞ்சல்" என்றார். பவானி காருக்குள் போய் இருந்துகொண்டாள்.

பின்னேரம் 3.25க்கு ட்ருகனினா. களஞ்சியங்களும் புதுவீடுகளும் மாறி மாறி வருகிற இடம். எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி. நான் முதலில் வேறொருவரின் வீட்டு மணியை அடித்தேன். அவர்களும் நல்லவர்கள், தண்ணீர் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை சுகந்தி வாடிய முகத்தோடு குசினிக்குள் வந்தாள். ஸ்கோர் எழுதுகிற கெவினுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம்.

"அத்தான், ஸ்கோர் எழுத ஆளில்லை."

"நான் இருக்கிறன் தானே!"

"உங்களுக்கு ஃபுட்டி விளங்குமோ?"

"கிரிக்கெட்டுக்கு நான் ஸ்கோர் எழுதாத மைதானம் யாழ்ப்பாணத்தில இல்லை. இது என்ன, ஒரு பந்து, இரண்டு பக்கம்."

பவானி தோசையைத் திருப்பிக்கொண்டே, "தங்கச்சி, மனிசனை நம்பாதை. வீட்டில பால் முடிஞ்சதையே நான் சொல்லித்தான் தெரியும்" என்றாள். ஆனால் வேறு வழி இல்லை. மச்சாள் எனக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லித் தந்தாள். ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வாசிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. அதற்கு பிஹைண்ட் என்று பெயர். வெள்ளைக் கோட்டு நடுவர் கோலுக்கு இரண்டு கொடி ஆட்டுவார், ஒரு புள்ளிக்கு ஒரு கொடி. தவறியவனுக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற ஆட்டம் உலகத்தில் இது ஒன்றுதான். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மைதானம் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். உள்ளே போகக் காசில்லை. வர்ணனை அறை என்று ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது ஒரு மடிப்பு மேசை, மூன்று பிளாஸ்டிக் கதிரை, மேலே கூடாரத் துணி. ஒரு லாப்டொப், இரண்டு ஹெட்ஃபோன். கூட்டத்தின் சத்தத்துக்கென்று ஒரு மைக்கை வேலியில் கட்டி, அதற்கு ஆம்பிளையின் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டியிருந்தார்கள். வீராங்கனைகளின் இலக்கமும் பெயரும் ஒரு தானியப் பெட்டி அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. ஸ்கோர்ப் பலகை எங்கள் முதுகுக்குப் பின்னால், கிளப் கட்டிடத்தின் கூரையில். மேசையில் இருப்பவர்கள் திரும்பினாலும் கூடாரம் மறைக்கும். அதனால்தான் தாளில் எழுத ஓர் ஆள் வேண்டும்.

சுகந்தியோடு சேர்ந்து வர்ணனை சொல்கிறவர் டெப் என்ற ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. கைகுலுக்கியே என் விரலை நெரித்துவிட்டார். "சிட்னியிலிருந்து ஸ்கோர் எழுதவா வந்தீர்கள்?" என்றார். "சிட்னியில் என்னை விடமாட்டார்கள், இரகசியமாகத்தான் வந்தேன்" என்றேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சரியாக 2 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் சட்டை எங்கள் ஆட்கள், மெலே அதில் பதினான்காம் இலக்கம். ஊதாச் சட்டை எதிரணி. பந்து மேலே போனதுதான் தாமதம், சுகந்தியின் குரலும் கூடவே போனது. யார் எடுத்தது, யாரைத் தள்ளிவிட்டது, யார் சேற்றில் சறுக்கினது, மூச்சுவிடாமல் சொன்னாள். கண்ணை மூடினாலும் ஆட்டம் தெரிந்தது. நானும் ஒருமுறை மூடிப் பார்த்தேன், பவானி கிள்ளினாள்.

ஆட்டம் நான்கு கால் பகுதி. முதல் பகுதி முடிய மஞ்சள் 6, ஊதா 7. சிறிய இடைவேளையில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று வாங்கினேன், 7 டொலர், சோஸ் இலவசம். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் அதுதான் சிறந்தது.

இனி வருவதுதான் பெரிய சங்கதி. இரண்டாம் பகுதி நடந்துகொண்டிருந்தபோது அப்படி ஒரு காற்று அடித்தது. மெல்பேர்ண் காற்று உங்களுக்குத் தெரியும். என் கையிலிருந்த தாளை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. நான் விடுவேனா? வேலியைத் தாண்டினேன், எழுபது மீற்றர் ஓடினேன், கொடி நடுவரின் காலடியில் தாளை மடக்கிப் பிடித்தேன். தாள் முழுக்கச் சேறு. திரும்பி வந்து ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். அந்த அவசரத்தில் இரண்டு அணியின் புள்ளிகளும் இடம் மாறிவிட்டன. யாருக்கும் வரக்கூடிய சறுக்கல்தான்.

பாதி ஆட்டம் முடிந்தது. சுகந்தி தாளை எடுத்து நேரடியாக வாசித்தாள்: மஞ்சள் 7, ஊதா 16. வாசிக்கும்போதே அவளுடைய புருவம் சுருங்கியது. மஞ்சள் இரண்டு கோல் போட்டதை அவளே வாயால் சொல்லியிருக்கிறாள், அதற்கே பன்னிரண்டு வரவேண்டும். ஆனால் அதற்குள் நிலையத்தில் இடைவேளைப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். டெப் எழுந்து கூடாரத்துக்கு வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். மஞ்சள் 15, ஊதா 8. வெல்கிற அணியைத் தோற்கிற அணி என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. லாப்டொப் திரையில் நேயர்களின் குறுஞ்செய்தி வரிசையாக வந்தது. ஒன்று, "நீங்கள் எந்த மைதானத்தில் இருக்கிறீர்கள்?"

மார்கரெட் நிலையத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். சுகந்தி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"போச்சுது அக்கா. இறுதிப் போட்டி போச்சுது."

"ஒண்டும் போகேல்லை. உண்மையைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லு," என்றாள் பவானி. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "பென்சிலைத் தாங்கோ." நானாகத்தான் கொடுத்தேன், கைக்கும் ஓய்வு வேண்டியிருந்தது.

பாட்டு முடிய சுகந்தி மைக்கைத் திறந்தாள். சுற்றிவளைக்கவில்லை. இடைவேளையில் தான் சொன்ன ஸ்கோர் பிழை, சரியானது இதுதான், தவறு தன்னுடையது, மஞ்சள் அணியிடமும் ஊதா அணியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் மூன்று வசனம். அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்ன வர்ணனை இருக்கிறதே! கடைசிப் பகுதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, மஞ்சள் 23, ஊதா 27. மெலே பந்தை மார்போடு பிடித்தாள். கம்பத்துக்கு ஐம்பது மீற்றர் இருக்கும், சரி, முப்பத்தைந்தாவது இருக்கும். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்த சுகந்தி, "ஐயோ மெலே, விடாதையடி, அடியடி!" என்று தமிழில் கத்திவிட்டாள். டெப்புக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவரும் "அடியடி!" என்று கூடவே கத்தினார். இரண்டு கொடி. 29க்கு 27. பவானி பென்சிலால் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

மேசையை மடிக்கும்போது மார்கரெட் அழைத்தார். சுகந்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விரலைக் கோத்துக்கொண்டு நின்றாள். நான் முந்திக்கொண்டு, "மேடம், அந்த ஸ்கோர், பெரிய காற்று, தாள் பறந்துவிட்டது" என்றேன். "காற்றா?" என்று கேட்டு அந்த அம்மா நீண்ட நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "சுகந்தி, பிழை எல்லோரும் விடுவார்கள். அதை இப்படித் திருத்துகிறவர்கள் குறைவு. இறுதிப் போட்டி உன்னுடையது. அந்தத் தமிழ் வார்த்தையையும் விட்டுவிடாதே." சுகந்தி பவானியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான் கதிரைகளை அடுக்கினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனை. சிட்னியிலிருந்து ஒரே நாளில் ஓட்டுவதென்றால் ஐந்து மணிக்கு முன் கிளம்புங்கள், இரண்டு பேர் மாறி ஓட்டுங்கள். பவானி அல்பரியிலிருந்து ஓட்டினாள், என்னைவிட மெதுவாக, ஆனால் பாதுகாப்பாக. மடிப்புக் கதிரையும் தடித்த காலுறையும் கொண்டுபோங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போனாலும் உள்ளே விடுவார்கள். சமூக வானொலிகளுக்கு எப்போதும் ஆள் தேவை, குரல் இல்லாவிட்டாலும் மேசை தூக்கலாம்.

இன்னொன்று. ஃபுட்டியில் பாதி ஆட்டத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு கால் பகுதி முடியவும் அணிகள் பக்கம் மாறும். பை வாங்கும் வரிசையில் நின்றவர்கள் திரும்பி வந்ததும், யார் எந்தப் பக்கம் உதைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தூரத்தில் சட்டை நிறம் தெரியவில்லை என்று, வலப்பக்கம் கொடி ஆடினால் மஞ்சள், இடப்பக்கம் ஆடினால் ஊதா என்று ஒரு பகுதி முழுக்க எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

நேற்று அந்த ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். வேலியில் கட்டிய மைக்கில் எல்லாம் விழுந்திருக்கிறது: ஒரு நாய், ஒரு குழந்தை, நான் பையைக் கடிக்கிற சத்தம்கூட. காற்று மட்டும் இல்லை. காற்று என்றால் மைக்தான் முதலில் இரையும் என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். மார்கரெட்டும் அன்று அதே சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சுகந்தி தன் தலையில் போட்டுக்கொண்ட பிழை என்னுடையது. தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். தாள் பறக்கவில்லை, நான் வேலி தாண்டவில்லை. அன்று அந்த மைதானத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.