செவுள் இல்லாத கிழங்கு

எழுபதுகளின் நடுவில் என் கணவருக்குக் கல்பாக்கத்தில் கட்டுமான வேலை. மாமல்லபுரத்தில் வாடகை வீடு. மூத்தவள் பிறந்து இருபது நாள். எனக்குப் பால் போதவில்லை. பகலெல்லாம் சேர்த்து மூன்று துணிதான் நனைப்பாள். துணி காயப்போடும் கொடி காலியாகவே கிடக்கும்.

வாசலில் கூடை இறக்கும் மீன்காரம்மா அந்தக் கொடியைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"இன்னாமா, பாலு பத்தலியா? புள்ளய மார்லேர்ந்து எறக்காத, சப்ப சப்பத்தான் ஊறும். பால்சுறா புட்டு துண்ணு."

சுறாவை அன்றைக்கே வாங்கிப் புட்டு செய்து தின்றேன். மறுநாள் அவர் முந்தானையில் விரல் விரலாக வெளுத்த கிழங்கு கொண்டுவந்தார். "தண்ணிவுட்டான் கெழங்கு. தோலுரிச்சு, நடு நரம்ப உருவிட்டு, பால்ல வேகவச்சுக் குடி. ஒடம்புக்குக் குளிர்ச்சி, நீர்க்கடுப்பும் போவும்."

காசு வேண்டாம் என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஒரு மத்தி கூடக் கொசுறு தராதவர் கிழங்கைச் சும்மா தருவாரா?

"வெளுத்ததெல்லாம் பாலா?" என்றார் கணவர். "எங்க ஊர்ல கண்வலிக்கிழங்கைத் தின்னு செத்தவங்க இருக்காங்க. நீ குடிச்சா குழந்தைக்கும் போகும், பார்த்துக்கோ."

கிழங்கை முறத்தோடு மூலையில் தள்ளினேன். இரண்டு நாள் கழித்து மீன்காரம்மா, "குடிச்சியா?" என்றார். குடித்தேன் என்று கூசாமல் சொன்னேன். அவர் கண் என் தோளைத் தாண்டி முறத்துக்குப் போனது. அப்படியே வதங்கிக் கிடந்தது கிழங்கு. கண்வலிக்கிழங்கோ என்று கணவர் பயந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாக்கற. கெழங்குக்கு இன்னாத்தப் பாப்ப?" கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் முழுச்செடி, வேரும் கொடியுமாக. முழங்கை வரை முள் கிழித்திருந்தது.

"இந்தா, இதான் செவுளு. எல ஊசி ஊசியா கீதா, தண்டுல முள்ளு கீதா? நீ பயப்படற கண்வலிக்கு எல நுனி சுருண்டுகினு கெடக்கும். வூட்டுக்காரரக் கூப்ட்டுக் காட்டு."

கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்வலிச் செடி அவர் ஊர் வேலியெல்லாம் படர்ந்தது. "இது அதில்லை" என்றார், குரல் இறங்கி.

வேகவைத்துக் குடித்தேன். லேசான தித்திப்பு, கொழகொழப்பு. ஒரு மணி நேரம் நாக்கு மரத்துப்போகிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாளில் துணிக்கொடியில் இடம் போதவில்லை. கிழங்கா, சுறாவா, குழந்தை விடாமல் சப்பியதா? இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அங்கே விடுதிகளில் வெள்ளைக்காரர்களுக்கு சூப் வைத்த அஸ்பாரகஸ் இதன் பங்காளி என்று பிற்பாடு படித்தேன். அவர்கள் குருத்தைத் தின்கிறார்கள், நாம் கிழங்கை.

மீன்காரம்மா நிறைந்த கொடியைப் பார்த்தார். கூடையை இறக்கி ஒரு சங்கராவை நீட்டினார்.

"இன்னாமா பாக்கற? தூக்கிப் பாரு."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.