மருந்துத் தோணி

படகு கட்டப் போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். நாங்கள் இருந்த நாவுலவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டும். வேறு எவளாவது என்றால் மனுஷனுக்கு மரை கழன்றுவிட்டதா என்று கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருஷங்களில் எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

எங்கள் ஒரே மகனைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து, பொலிஸ் என்று சொல்லி வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்களாம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. எழுதிக் கொடுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் எழுதிக் கொடுத்தோம், படம் கொடுத்தோம். பதிலும் வரவில்லை, அவனும் வரவில்லை. நான் இரண்டு கிழமை லீவு எடுத்துவிட்டுத் திரும்பவும் பள்ளிக்கூடம் போனேன். அழவில்லை. பெற்ற வயிறா இது என்று என் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

அவர் நீர்ப்பாசன வேலைகளுக்கு வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் பிறந்தவர். அப்போது சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர் மகள், கடலைக் கண்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான். மகன் போனதிலிருந்து அவர் காலையில் எழும்புவதை விட்டுவிட்டார். உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடப்பார். நான் தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பின்னேரம் வந்து பார்த்தால் தேத்தண்ணி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

படகுதான் அவரை எழுப்பியது. பின் விறாந்தை முழுவதும் மரத்தூள் பறந்தும் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அது ஒன்றுதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தைக் கட்டிய காலத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் விட்டுப்போன சஞ்சிகையில் அந்தப் படகின் படம் இருந்தது. மெல்லிய மரப் பட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவது. சஞ்சிகை கேட்டது தேவதாரு மரம். மர மில்காரர் சிரித்துவிட்டு மலைவேம்பைக் காட்டினாராம், வீடுகளுக்கு சீலிங் அடிக்கிற இலேசான மரம். அதைக் கால் அங்குலத் தடிப்பில் நீள நீளமாக அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் அச்சுகள் வெட்டி, அடிக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்தினார். அவற்றின் மேல் பட்டிகளை வளைத்து, பசை பூசி, காயும்வரை சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டினார். ஒரு நாளைக்கு நான்கு பட்டி, ஐந்து பட்டி. படகு கவிழ்ந்தபடியே வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அதில் சாய்ந்துவிட்டேன்.

"இஞ்சேரும், கையை எடும்! எண்ணெய் பட்டா பிசின் பிடியாது."

"கொஞ்சூண்டு எண்ணெய்தானேங்க. அதுக்குப் போய் இப்படிக் கத்துறீங்க."

"கொஞ்சமெண்டாலும் எண்ணெய்தான். உள்ளுக்கும் வெளியிலயும் கண்ணாடித் துணி வைச்சு, பிசின் பூசினாத்தான் இதுக்குப் பலம். இல்லாட்டி ஆள் ஏறி இருந்த உடனை நெளிஞ்சு பிளந்திடும்."

நான் கையைக் கழுவப் போனேன். மூன்று மாதத்தில் அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அது.

மாத்தளையில் பஸ்ஸுக்கு வெளிக்கூடு கட்டுகிற கராஜ் ஒன்றில், ஃபைபர்கிளாஸ் என்கிற அந்தக் கண்ணாடித் துணியும் பிசினும் கிடைத்தன. வெளிப்பக்கம் முழுவதும் ஒட்டி முடித்தார். ஒரு கிழமைக்கு வீட்டில் சோற்றிலும் பிசின் நாற்றம்தான். பிறகு பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் படகை நிமிர்த்தி வைத்தார். அச்சுகளைக் கழற்றினார். உள்ளே வெறும் மரம், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இனி உள்பக்கத்துக்கும் பிசின் பூசிவிட்டால் நீர்த்தேக்கத்தில் இறக்கலாம் என்றார். பிசின் அடுத்த கிழமை வருவதாக இருந்தது. அன்று அவர் இரண்டாந் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நிமிர்த்த வந்தவர்கள் கெட்டவர்களில்லை. கண்டதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் கிராம சேவகர் குடையோடு கேற்றடியில் வந்து நின்றார். சிங்களவர், எப்போதும் பணிவாகப் பேசுகிறவர்.

"டீச்சர், உங்க வீட்டுல ஒருவ செய்யிறாங்கன்னு பொலிஸுக்குக் கதை போயிருச்சு. நாளைக்குக் காலையில வந்து பாப்பாங்க. எதுக்கு அது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒருவ என்றால் சிங்களத்தில் தோணி. ஒருவன் என்ற சொல்லின் கடைசி எழுத்து காணாமல் போய்விட்டது போலத்தான் தமிழ்க் காதுக்கு அது எப்போதும் கேட்கும். தமிழன் வீட்டில் தோணி என்றால் அந்த நாளில் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது, இயக்கத்துக்குக் கட்டுகிறார்கள் என்பது. எனக்குப் பயம் வந்தது. மூன்று வருஷத்தில் எனக்குள் அசைந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. தொட்டியும் ஒருவதான். அந்தக் கால வைத்தியசாலைகளில் நோயாளியை எண்ணெயில் படுக்கவைத்த தொட்டியை பெஹெத் ஒருவ, மருந்துத் தொட்டி என்பார்கள். அந்த நேரத்தில் அது எப்படி என் நாக்கில் வந்து நின்றதோ தெரியாது.

"பெஹெத் ஒருவ. மாத்தயாவுக்கு வாதம். எண்ணெயில படுக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்காரு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மாத்தயா என்று நான் சொன்ன என் வீட்டு மனுஷன் தோளில் மரப் பட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்து வந்ததை அவரே கண்டிருக்கிறார்.

"அப்படின்னா நாளைக்கு அதுல எண்ணெய் இருக்கணுமே, டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். என் கணவர் உப்புத்தாளால் படகின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எண்ணெய் ஊத்தினாப் பிறகு பிசின் பிடியாது" என்றார்.

"பிடிக்காட்டிப் போகட்டும்."

"தண்ணியிலை இறக்கேலாது."

"ஒருத்தனக் குடுத்தாச்சுங்க. உங்களயும் தூக்கிக் குடுக்க என்னால ஏலாது."

அவர் கை நின்றது. அவனைக் கொடுத்தாச்சு என்று நான் சொன்னதை அவர் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். நானும் சொல்லாத மாதிரி இருந்துகொண்டேன். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டத்தில், வெளிநாட்டுக்காரர் வராததால், உடம்புக்குத் தேய்க்கிற எண்ணெய் தேங்கிக் கிடந்தது. இரண்டு பெரிய பிளாஸ்டிக் கலன் நிறைய வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். கிராம்பும் கற்பூரமும் மணத்தது. ஞாயிறு விடிந்ததும் நான்தான் ஊற்றினேன், அவர் செய்யமாட்டார் என்று எனக்குத் தெரியும். மரம் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுத்தது. எட்டு மாத வேலை. இனி இந்த மனுஷன் நாளைக்கு எதற்காக எழும்புவார் என்று நினைத்துக்கொண்டேதான் ஊற்றினேன். நினைத்தும் கை நிற்கவில்லை.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிப் படுத்தார். பெஞ்சுகளின் மேல் அணைப்பு வைத்து நிறுத்தியிருந்த படகு கொஞ்சமும் ஆடவில்லை.

இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும் வந்தார்கள். கிராம சேவகர் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் படகைச் சுற்றி நடந்தார். விளிம்பைத் தட்டினார். எண்ணெயில் விரலை விட்டு மணந்து பார்த்தார். படுத்திருந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். என் கணவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். மூன்று வருஷமாகப் பழகிய பார்வை, நடிக்கத் தேவையிருக்கவில்லை.

"எவ்வளவு காலமா இப்படி?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்.

"மூணு வருஷம்."

"குணமாகுமா?"

"தெரியாது, சேர்."

இரண்டும் பொய்யில்லை. தன்னுடைய அம்மாவுக்கும் முழங்காலில் வாதம், எண்ணெய் எங்கே வாங்கியது என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். போய்விட்டார்கள்.

ஜீப் சத்தம் ஓயும்வரை கேற்றடியில் நின்றுவிட்டு விறாந்தைக்கு வந்தேன். அவர் இன்னும் எழும்பவில்லை. இனிக் கட்டிலுக்குப் பதிலாக இதற்குள் கிடக்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"கீழ பாரும்" என்றார்.

குனிந்து பார்த்தேன். படகுக்கு அடியில் சீமெந்துத் தரை காய்ந்தபடி இருந்தது.

"ஒழுகுதே?"

"இல்லீங்க."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றார். எண்ணெய் வழியும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. காதுக்குள்ளும் எண்ணெய், மார்பு மயிரெல்லாம் எண்ணெய், பொரிக்க எடுத்து வைத்த மீன் மாதிரிக் கிடந்துகொண்டு பெருமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"அவன் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

மூன்று வருஷமாக நாங்கள் "வந்தா" என்றுதான் பேசி வந்தோம். அவன் வந்தா இந்த அறை, அவன் வந்தா அந்தச் சட்டை. "இருந்திருந்தா" என்ற சொல் அந்த வீட்டில் அன்றுதான் முதன்முதல் கேட்டது, அதுவும் என் வாயிலிருந்து. அவர் திருத்துவார், கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம், சிரிச்சிருப்பான்" என்றார். பிறகு எழும்புவதற்குக் கையை நீட்டினார்.