முதலாம் அறையின் திறப்பு

இயந்திரம் பொய் சொல்லாது என்று சொல்பவர்கள் அநேகமாக அதன் பின்பக்கத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். லக்சனாவின் வேலையே பின்பக்கத்தில்தான். கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களின் லினக்ஸ் சேவர் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். வயது முப்பத்திநாலு. அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல எனக்கு அவசரமில்லை. பிடிவாதக்காரி என்று மட்டும் இப்போதே சொல்லலாம்.

அவள் கவனிக்கும் இடங்களில் ஒன்று மீன் குளிர்களஞ்சியம். அங்கே இரண்டு குளிரறைகள். ஒவ்வொன்றின் வெப்பமானியிலிருந்தும் வரும் வயர், ஒரு யுஎஸ்பி சீரியல் அடப்டர் வழியாக அலுவலகச் சேவரில் செருகியிருக்கும். பழைய கருவி சொல்வதைப் புதிய கொம்பியூட்டருக்கு விளங்கவைப்பது அந்த அடப்டர்தான். நிமிடத்துக்கொரு தடவை இரண்டு அறைகளின் குளிரும் பதிவாகும்.

முதலாம் அறைக்குப் பதினொரு வருடமாகப் பக்கீர் பொறுப்பு. அந்த அறை மூன்று வெள்ளிக்கிழமைகளில், நண்பகல் தாண்டி, மைனஸ் பதினெட்டிலிருந்து மைனஸ் ஏழுக்கு ஏறியதாகப் பதிவு காட்டியது. அந்த நேரம் பக்கீர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். போகிற அவசரத்தில் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறார் என்று முகாமையாளர் இரத்தினசிங்கம் முடிவுகட்டினார். லொறி ஏற்றுகிற ஆட்கள் பார்த்திருக்க, முற்றத்தில் வைத்து அவருடைய கையிலிருந்த திறப்பை, அந்த அறையின் ஒரே சாவியை, வாங்கிக்கொண்டார். வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் திங்கள் பின்னேரம் தலைமை அலுவலகத்துக்குப் போகவிருந்தது. கருவியில் பிழையில்லை என்ற ஒரு வரியும் அதன்கீழ் லக்சனாவின் கையெழுத்தும் மட்டுமே பாக்கி.

திங்கள் காலை இரத்தினசிங்கம் கடதாசியை நீட்டினார்.

"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ பிள்ளை. ஒரு நிமிச வேலை."

"பார்க்காமல் வைக்க ஏலாது சேர்."

"என்னத்தைப் பார்க்கிறது? மெசின் என்ன, ஆளின்ர முகத்தைப் பார்த்தே எழுதுது?"

"அதைத்தான் பார்க்கப் போறன்."

வெளியே வாங்குப் பலகையில் பக்கீர் இருந்தார். அவரிடம் போனாள். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அந்த நாட்களில மீன் இளகிச்சுதா?"

"ஒரு மீனும் இளகல்ல தங்கச்சி. சொல்லிச் சொல்லி வாய் நோகுது."

முகாமையாளர் முதலாம் அறையின் பதிவை மட்டுமே அச்செடுத்து வைத்திருந்தார். லக்சனா இரண்டாம் அறையின் பதிவைத் திறந்தாள். அந்த மூன்று வெள்ளிகளிலும் அது மைனஸ் பதினெட்டில் அசையாமல் நின்றது. அதுதான் அவளை உறுத்தியது. ஒவ்வொரு வெள்ளியும் பன்னிரண்டரைக்கு இரண்டாம் அறைக் குழாய்களில் படிந்த பனியை உருக்குவது அங்குள்ள வழக்கம். அப்போது அந்த அறை சூடேறியே ஆகவேண்டும். குறை காட்டும் எண்ணை எல்லாரும் விசாரிக்கிறோம். சரியாக இருக்கிறேன் என்று சொல்லும் எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிறகு சேவர் தனக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்தாள். வெள்ளிதோறும் காலை எட்டேகாலுக்கு இரண்டு அடப்டர்களும் கழன்று, சில நிமிடங்களில் மறுபடி செருகப்பட்டிருந்தன. மேசைக்குப் பின்னால் குனிந்தாள். ஒரு அடப்டரின் தலையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"சேர், வெள்ளிக்கிழமையில இதைக் கழட்டுறது ஆர்?"

"நான்தான். சாம்பிராணி காட்ட முதல் துடைக்கிறனான். பின்னால எவ்வளவு தூசி! ரெண்டையும் கழட்டி, துடைச்சு, பொட்டு வைச்சு, திருப்பிச் செருகிவிடுறன். பக்குவமாத்தான் செய்யிறனான்."

"எதை முதல் செருகுவீங்கள்?"

"கையில வாறதை."

லினக்ஸ் முதலில் செருகப்படும் அடப்டருக்குப் பூச்சியம் என்றும் அடுத்ததற்கு ஒன்று என்றும் இலக்கம் கொடுக்கும். பூச்சியம் என்றால் முதலாம் அறை என்று இரண்டு வருடத்துக்கு முன் நிரலில் எழுதிவைத்தவள் லக்சனாதான். வரிசை மாறிய வெள்ளிகளில் பதிவில் அறைகளும் இடம் மாறி, இரண்டாம் அறையின் சூடு முதலாம் அறையின் பெயரில் விழுந்தது. பனி உருக்கும் அந்த நேரம் தவிர இரண்டும் ஒரே குளிரில் இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல நான் தயங்கியது இதனால்தான்.

அவள் இரண்டு அடப்டர்களையும் கழற்றி, இரண்டாம் அறையினதை முதலில் செருகினாள். இரண்டாம் அறையின் கதவை ஐந்து நிமிடம் திறந்துவைக்கச் சொன்னாள். திரையில் முதலாம் அறையின் எண் ஏறத் தொடங்கியது. மைனஸ் பதினேழு. மைனஸ் பதினாறு. மைனஸ் பதினாலு.

"முதலாம் அறையின்ர திறப்பு உங்கட மேசை லாச்சியில கிடக்கு சேர். அப்ப இந்தக் கதவைத் திறந்தது ஆர்?"

இரத்தினசிங்கம் லாச்சியை இழுத்துப் பார்த்தார். திறப்பு அங்கேதான் கிடந்தது.

"சரி. தொழில்நுட்பக் கோளாறு எண்டு எழுதிவிடுங்கோ. சாம்பிராணிக் கதையெல்லாம் வேண்டாம். தலைமையில சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். வெறும் கோளாறு எண்டு எழுதினா, பக்கீர் நானா ஏதோ செய்தவர், நாங்கள் மூடி மறைச்சிட்டம் எண்டுதான் கதைப்பினம். நான் இலக்கத்தை நம்பினதையும் எழுதுவன். நீங்கள் கழட்டிச் செருகினதையும் எழுதுவன்."

"அடுத்த மாசம் உங்கட ஒப்பந்தம் முடியுது. தெரியும்தானே?"

"தெரியும் சேர். பேனை இருக்கோ?"

அங்கிருந்தவை மலிவான அடப்டர்கள். ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்தத் தனித் தொடரிலக்கம் இல்லாதவை. வேறோர் இடத்துக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த, தொடரிலக்கமுள்ள இரண்டை அவள் மாட்டினாள். எந்த இலக்கம் எந்த அறை என்று சேவருக்கு ஒரு விதி எழுதினாள். இனி எந்த வரிசையில் செருகினாலும் அறை மாறாது.

"சாம்பிராணியை நிப்பாட்டத் தேவையில்லை சேர்" என்றாள்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினாள். பிழை செய்தவர்கள் என்ற இடத்தில் முதலாவதாகத் தன் பெயரை எழுதினாள். இதற்காக மட்டும் அவளை மெச்சுகிறேன்.

இரத்தினசிங்கம் பக்கீரைக் கூப்பிட்டு, திறப்பை மேசையில் தள்ளிவைத்தார்.

"எடுங்கோ பக்கீர். விசயம் முடிஞ்சுது."

பக்கீர் கையை நீட்டவில்லை.

"இங்க வச்சா எடுத்தீங்க சேர்? முற்றத்தில, அவ்வளவு ஆக்களுக்கும் முன்னால எடுத்தீங்க."

"இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுறீர்?"

"எடுத்த இடத்தில தாங்க."

முகாமையாளர் லக்சனாவைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"திறப்பை எந்த இடத்தில திருப்பிக் குடுத்தது எண்டு எழுதுறது சேர்?"

இரத்தினசிங்கம் எழுந்து திறப்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். பக்கீர் பின்னால் போனார், ஒரு அவசரமும் இல்லாமல். முற்றத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுகிற நேரம். ஆட்கள் நிறைய நின்றார்கள்.